கருக்கலைப்பும் தூக்குத் தண்டனையும்: முரண்பாடு யாரிடம்?

ஆசிரியருக்கு,

மரண தண்டனை பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "கொலைகாரனைத் தூக்கில் போடாதே என்கிறவர்களே வயிற்றுச் சிசுவைக் கலைக்கலாம் என்கிறார்களே, இது என்ன நியாயம்?" எதிர்த்தரப்பும் விடுவதில்லை: "கரு புனிதம் என்கிறவர்களுக்குத் தூக்குக் கயிறு மட்டும் எப்படி இனிக்கிறது?" இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும். கேட்டவர் யாரும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் சட்டம் கருவையும் பிறந்த மனிதரையும் ஒன்றாக எண்ணியதே இல்லை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 299-ஆவது பிரிவின் மூன்றாவது விளக்கத்தில், தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் சாவுக்குக் காரணமாவது மனிதக் கொலை ஆகாது என்றது. உயிருள்ள குழந்தையின் உடலில் ஏதேனும் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால், அது இன்னும் மூச்சு விடாவிட்டாலும், கொலைக் குற்றமாகலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 100-ஆவது பிரிவிலும் இதே விளக்கம்தான். அதற்காகக் கருவுக்கு மதிப்பே இல்லை என்றாகாது. பெண்ணின் சம்மதத்தோடு கலைத்தாலும் அதே சம்ஹிதையின் 88-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. கருவில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டு வரை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவருக்குத் தரும் பாதுகாப்பாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு விவாதங்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தூக்குத் தண்டனை பெற்ற பெண் கர்ப்பமாக இருந்தால் என்ன செய்வது? 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 416-ஆவது பிரிவில், தண்டனையைத் தள்ளிவைக்கச் சொன்னது. ஆயுளாகக் குறைப்பது உயர் நீதிமன்றத்தின் விருப்பம். அதாவது, பிரசவம் ஆகட்டும், பிறகு தூக்கு. 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றி, ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும் என்றது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சம்ஹிதையில் அது 456-ஆவது பிரிவு. கருவைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால் தள்ளிவைத்ததே போதும். பிறந்த பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் இந்தத் திருத்தத்துக்குப் பொருளே கிடையாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நளினியின் தூக்கை 1999-இல் இரண்டு நீதிபதிகள் உறுதிசெய்தபோது, நீதிபதி கே.டி.தாமஸ் மட்டும் மாறுபட்டு, அவருடைய பெண் குழந்தை அநாதையாகிவிடக் கூடாது என்பதைக் காரணமாகச் சொன்னார். 2000-இல் ஆளுநர் அந்தத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்.

கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே தூக்கை ஆதரிப்பவர்களின் பதில், கரு குற்றமற்றது, கொலையாளி அப்படியல்ல என்பது. இதில் முரண்பாடு இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குற்றமற்ற ஒருவரும் தூக்கு மேடை ஏறவில்லை என்று காட்டும் பொறுப்பு அவர்கள் தலையில்தான் விழும். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் ஆறு பேருக்கு 2009-இல் தூக்கை உறுதி செய்தது உச்ச நீதிமன்றம். அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் தூக்காக உயர்த்தியது. 2019-இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. செஷன்ஸ் தீர்ப்பு, உயர் நீதிமன்ற உறுதிப்பாடு, மேல்முறையீடு, சீராய்வு, கருணை மனு என்று இத்தனை படிகள் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

பெண்ணின் முடிவே இறுதி என்பவர்களுக்கும் ஒரு கடினமான இடம் உண்டு. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவருக்கு கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு முதலில் அனுமதி தந்தது. கரு 26-ஆவது வாரத்தில் இருந்தது. எய்ம்ஸ் மருத்துவர், கரு பிழைக்கக் கூடிய நிலையில் இருக்கிறது, முதலில் அதன் இதயத் துடிப்பை நிறுத்தவா என்று கேட்டு எழுதினார். நிறுத்தாவிட்டால் குறைமாதக் குழந்தை உயிரோடு பிறக்கும். நீதிபதிகள் இருவரும் பிரிந்தனர்; மூவர் அமர்வு 16-ஆம் தேதி அனுமதி மறுத்தது. அந்த மருத்துவரின் கேள்வியை "என் உடல், என் உரிமை" என்ற கோஷத்தால் மட்டும் கடந்துவிட முடியாது.

சிசுவின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள், கேஸ் ஏன் 24 வாரத்தைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே நாள் தள்ளிப்போனது தெரியும்போதே நான்கு வாரம் போயிருக்கும். குறைபாடு காட்டும் அனாமலி ஸ்கேன் எடுப்பதே 18 முதல் 20 வாரத்தில். அதில் சந்தேகம் வந்தால் இதயத்துக்குத் தனி ஸ்கேன், பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு, அங்கே இன்னொரு தேதி. சட்டப்படி கருவைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, விதிகளில் சொன்ன பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள். 24-க்கு மேல் கடுமையான குறைபாடு என்றால் மருத்துவக் குழு; அது மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்றால் இந்த வரம்புகள் எதுவும் இல்லை.

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். மனநோய் உள்ளவருக்குத்தான் காப்பாளர் கையெழுத்து. ஆனாலும் ஆஸ்பத்திரிகளில் கணவர் கையெழுத்து கேட்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கிறார்கள். 18 வயதுக்குட்பட்ட பெண் என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும் என்ற பயத்தில் குடும்பமே மறைத்து, வயிறு தெரிந்த பிறகு வருகிறது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது எத்தனை பிரசவ வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ!

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். "கருவைக் கலைக்க அனுமதி மறுப்பு" என்று செய்தி போடும்போது, எத்தனையாவது வாரம், அந்தப் பெண் முதன்முதலில் எந்த வாரத்தில் மருத்துவமனைக்குப் போனார், அங்கே என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்,
மதுரை