வெளுத்த பவளப் பாரைப் பார்த்துவிட்டு வந்தவள் எழுதுகிறேன்

கடல்சார் ஆய்வுத் துறைகளின் நெறியாளர்களுக்கும் டாக்டரல் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில், மீனவர் சொல்லில் 'பார்'களில், முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மூன்றாம் ஆண்டு மாணவி நான். 2024 மே மாதம் எனக்கு நடந்ததைச் சொன்னால்தான் நான் கேட்க வந்தது உங்களுக்குப் புரியும்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அது. ராமேசுவரம் பக்கத்து மண்டபத்திலிருந்து வள்ளத்தில் போய் மூன்று மீட்டர் ஆழத்தில் இறங்கினேன். இறங்கியதுமே தண்ணீரின் வெதுவெதுப்பு உறைத்தது. பிப்ரவரியில் பழுப்பும் பச்சையுமாக நான் படம் எடுத்த அதே மான்கொம்புப் பவளங்கள், சுண்ணாம்பு அடித்துவிட்டதுபோல நின்றன. சதுரச் சட்டத்தை வைத்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணி ஸ்லேட்டில் குறிக்க வேண்டும். மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. கண்ணாடி பனித்துக்கொண்டே இருந்தது. கழுவிக் கழுவி எண்ணினேன்.

மேலே வந்ததும் படகுக்கார அண்ணன், "என்ன பாப்பா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு?" என்றார். உப்புத்தண்ணி போயிருச்சுண்ணே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக அந்தப் பாரில் மீன் பிடிப்பவர்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். திசுவுக்குள் குடியிருந்து நிறமும் உணவும் கொடுத்த நுண்பாசிகள் சூட்டில் வெளியேறிவிட, உள்ளிருக்கும் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். குளிராவிட்டால் மேலே பாசி படர்ந்துவிடும். அந்தச் சில வாரம்தான் ஆளைத் தின்கிறது. ஐசியு வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மாலையில் அறைக்கு வந்து போனைத் திறந்தால் காஸாவின் குழந்தைகள். எதற்கு அழுகிறேன் என்றே பிரித்துச் சொல்ல முடியாத இரவுகள் அவை.

ஊருக்குத் திரும்பியதும் துறையில் படங்களைக் காட்டினேன். "மனசுல ஏத்திக்காதம்மா. நல்ல டேட்டா கிடைச்சிருக்கு, முதல்ல பேப்பரா எழுது" என்று பதில் வந்தது. அக்கறையோடு சொன்ன சொல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்காததால் என்ன ஆனது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதம் கழித்து, ஸ்லேட் குறிப்புகளைப் படங்களோடு ஒப்பிட்டேன். முழுதாக வெளுத்திருந்த பலவற்றுக்கு 'பாதி வெளுப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. பிழைத்துவிடட்டும் என்ற என் ஆசை பென்சிலில் இறங்கியிருந்தது. அத்தனை சட்டங்களையும் மறுபடி எண்ணித் திருத்தினேன். 'ஆராய்ச்சியாளர் உணர்ச்சிவசப்படக் கூடாது' என்கிறீர்கள். உள்ளே அமுக்கி வைத்த துக்கம் என் கணக்கைக் கெடுத்தது, ஐயா. பக்கத்தில் இன்னொருவர் இறங்கி, அவரிடம் அன்றே வாய்விட்டுப் பேசியிருந்தால், பிழை அன்றே தெரிந்திருக்கும்.

இது என் ஒருத்தியின் பலவீனம் என்று தள்ளிவிடாதீர்கள். 2016ல் ஆஸ்திரேலியாவின் பவள ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ், அந்நாட்டின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் (கிரேட் பேரியர் ரீஃப்) வெளுப்பை வானிலிருந்து கணக்கெடுத்த முடிவுகளைத் தன் மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, எல்லோரும் அழுதோம் என்று உலகறியச் சொன்னார். அவருடைய அறிவியலை அதனால் யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. 2019ல் 'சயின்ஸ்' இதழில் மூன்று ஆய்வாளர்கள், சூழலியலாளர்களின் துக்கத்துக்கும் ஆதரவு தேவை என்று கடிதமே எழுதினார்கள். மருத்துவத்திலும் பேரிடர் மீட்பிலும் இருப்பவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். நாங்களும் பேரிடருக்குள் இறங்கி வருகிறவர்கள்தான். 2025 ஏப்ரல் கணக்குப்படி, இந்த நான்காவது உலகளாவிய வெளுப்பில் உலகப் பவளத்திட்டுகளில் 84 விழுக்காடு, வெளுக்கும் அளவுக்கான சூட்டைக் கண்டிருக்கின்றன. உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால் 70 முதல் 90 விழுக்காடு பவளம் போய்விடும் என்ற, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் வரியை என் ஆய்வேட்டின் முதல் இயலில் எழுதிவிட்டுத்தான் நான் தூங்கப் போகிறேன்.

நான் கேட்பது பெரிய நிதியோ புதிய மையமோ அல்ல. யுஜிசி கட்டாயமாக்கிய ஆய்வு, வெளியீட்டு அறநெறிப் பாடம் 30 மணி நேரம் நடக்கிறது. களத்தில் பேரழிவைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்று அதோடு இரண்டு மணி நேரம் சேர்த்துப் பேசுங்கள். வெளுப்புக் கணக்கெடுப்புக்குத் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். இரண்டு பேர் இறங்கட்டும், இரண்டு பேரும் எண்ணட்டும். களப்பயண அட்டவணையில் கரையில் தங்க ஒரு நாள் கூடுதலாக எழுதினால், அதைச் சோம்பல் என்று நீக்கிவிடாதீர்கள். டாக்டரல் கமிட்டியில் எத்தனை பேப்பர் என்று கேட்பதற்கு முன் 'எப்படி இருக்கே?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.

இன்னும் ஒன்று உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா வெளுத்தபோதெல்லாம் உங்களில் பலர் அந்தத் தண்ணீரில் இறங்கியவர்கள். உங்கள் கட்டுரைகளின் அட்டவணைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று மேலே வந்து என்ன செய்தீர்கள், வீட்டில் யாரிடம் சொன்னீர்கள், மறுபடி எப்படி இறங்கினீர்கள் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. அதை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

வரும் ஏப்ரலில் மண்டபத்துக்குப் போகிறேன். முதலாண்டு மாணவர்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். வெளுத்த பாரை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. வள்ளத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. உங்களில் யாராவது வாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி