ஐயா திதிக்கு வராத அண்ணனுக்கு

அண்ணே,

நேத்து, நமக்கு நாதஸ்வரம் சொல்லிக் கொடுத்த ஐயாவுக்குத் திதி. நீங்க வரலை. ஏன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற காரைக்குடி, தேவகோட்டை ஆளுங்கள்ல பாதிப் பேருக்கும் தெரியும். அதனால அதையும் அந்த முன்பண விஷயத்தையும் இங்க தொடலை. போன்ல பேசினா சண்டையிலதான் முடியுது. எழுதினா நீங்க குறுக்கே பேச முடியாதுல்ல.

டிரம்ஸும் கீபோர்டும் வச்சு ராத்திரி நடக்கிற மேடைக்கு இனிமே நான் வரலை. முகூர்த்தத்துக்கு, சாமி புறப்பாட்டுக்குக் கூப்பிட்டா வருவேன். கூப்பிட மாட்டீங்க, அது வேற.

"தம்பிக்கு மூச்சு பத்தலை"ன்னு நீங்க சொல்லிக்கிட்டுத் திரியுறது என் காதுக்கு வந்துச்சு. எந்தக் காதுன்னு கேட்காதீங்க, வலது காதுதான் இப்ப நல்லா கேட்குது. மூச்சு பத்தாமப் போகலைண்ணே. கானாடுகாத்தான் அறுபதாம் கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க.

காலைல வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, உட்கார்ந்து வாசிச்சோம். ஆத்தங்குடிக் கல் தரை, சுத்தி வரத் தூண், மேல திறந்த வானம். மைக் கிடையாது. ஊதுற ஒவ்வொரு சுரமும் தூணுல பட்டு நம்மகிட்டயே திரும்பி வந்துச்சு. ரெண்டு நாயனத்துக்கும் மயிரிழை பேதம் வந்தாக்கூட ரெண்டு நாதமும் மோதி அலை அலையா அடிக்கிறது கேட்டுச்சு, உடனே சேர்ந்துக்கிட்டோம். "சுவரைப் பார்த்து ஊதுங்கடா, சுவரு பொய் சொல்லாது"ன்னு ஐயா சொன்னது அதுக்குத்தான்.

சாயங்காலம் அதே வீட்டு முன்னாடி, தெருவுல மேடை. சுவர் இல்லை, மேலேயும் பின்னாடியும் துணிப் பந்தல். கால்கிட்ட, வாசிக்கிற நமக்குக் கேட்கிறதுக்குன்னு ரெண்டு மானிட்டர் பெட்டி, முதுகுக்குப் பின்னாடி டிரம்ஸ், பக்கத்துல தவுல், தவுலுக்கும் தனி மைக். நீங்க கல்யாணி ராகம் எடுத்தீங்க. கீபோர்டுக்காரர் ரெண்டு கட்டைச் சுருதியைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். நான் வாசிக்கிறது எனக்குக் கேட்கலை. வெளியிலிருந்து ஒண்ணுமே வரலை. தாடை வழியா மண்டைக்குள்ள ஏறின அதிர்வு மட்டும்தான் இருந்துச்சு. அது வாயில வச்சு ஊதுற சீவாளியோட கரகரப்பு, நாயனத்தோட நாதம் இல்லை. அதை வச்சு சுருதி பார்க்க முடியாது.

உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும், என்னைப் பத்தி வேற மாதிரி கேள்விப்பட்டவங்க படிக்கிறாங்க, அவங்களுக்காகச் சொல்றேன். வீணைக்கு மெட்டு இருக்கு, கீபோர்டுக்குக் கட்டை இருக்கு. நமக்கு விரல் வைக்க ஏழு துளை, மிச்சம் பூராம் உதடும் மூச்சும். கல்யாணியில வர்ற 'ம', அந்தப் பிரதி மத்தியமம் எங்க நிக்கணும்னு விரல் சொல்லாது, காதுதான் சொல்லணும். காது அடைஞ்சா உடம்பு நம்மளைக் கேட்காமலே பலமா ஊத ஆரம்பிச்சிடும், சந்தைக் கூச்சல்ல பேசுறவன் தன்னையறியாமக் கத்துற மாதிரி. பலமா ஊதினா உதடு சீவாளியை நெரிக்கும், அதோட வாய் குறுகும், சுருதி மேல ஏறும், நாதம் மெலியும். மெலிஞ்சது இன்னும் கேட்காது. கேட்கலைன்னு இன்னும் நெரிப்போம். அன்னைக்கு வீடியோவைப் பாருங்க, என் மத்தியமம் அடுத்த சுரமான பஞ்சமத்தை இடிச்சுக்கிட்டு நிக்கிது.

பல்லவி பாதியில என் சீவாளி வாய் ஒட்டியே போச்சு. காத்து போகலை. மாத்துச் சீவாளி காஞ்சு கிடந்துச்சு, ஊறவைக்க நேரமில்லை. நீங்க பார்த்தீங்க. உங்க வாயில இருந்த சீவாளியை அது செருகியிருக்கிற கெண்டைக் குழாயோட கழட்டி, உங்க துண்டுல ஒரு தடவை துடைச்சு, என் நாயனத்துல செருகி விட்டீங்க. காஞ்சதை நீங்க வாயில போட்டு ஊறவச்சுக்கிட்டே ஒரு சுத்து பூரா சும்மா உட்கார்ந்து தாளம் போட்டீங்க. ஆயிரம் பேர் பார்க்கிற மேடையில, பெரியவர் நீங்க சும்மா இருக்க, சின்னவன் நான் வாசிச்சேன். கூடப் பொறந்தவன்கூடச் செய்வானான்னு தெரியலை. அந்தச் சீவாளியில உங்க வெத்தலை வாசனை இருந்துச்சு.

அதே கையால அடுத்த நிமிஷம் சவுண்ட் சர்வீஸ் தம்பிக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காமிச்சீங்களே, இன்னும் ஏத்துன்னு. அதைத்தான் என்னால மறக்க முடியலை.

ஏத்தினது எனக்காகத்தான்னு அப்புறம் சொன்னீங்க. இருக்கலாம். ஆனா அண்ணே, உங்களுக்கே கேட்கலைங்கிறதை நீங்க ஒத்துக்கிட்டதே இல்லை. வீட்டுல டிவி எவ்வளவு சத்தத்துல ஓடுதுன்னு அண்ணிகிட்டக் கேளுங்க. இதுக்கு மேல இங்க எழுதலை.

மதுரையில காதை சோதிச்சுப் பார்த்தேன். படம் போட்டுக் கொடுத்தாங்க. கோடு நேரா வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளத்துல விழுது. இரைச்சல்ல கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாக் குறையும், 100 போனா கால் மணி நேரம்தான்னாரு டாக்டர். நம்ம மேடை மூணு மணி நேரம். "நாயனமும் தவுலுமே சத்தம்தானே"ன்னு அவரே கேட்டார். வாஸ்தவம், எல்லாப் பழியையும் பெட்டி மேல போட முடியாது. ஆனா நாயனத்தோட சத்தம் என் மூச்சுக்குக் கட்டுப்பட்டது, நான் இறக்கினா இறங்கும். காலடியில இருக்கிற பெட்டி யாருக்குக் கட்டுப்பட்டது?

பஞ்சு வச்சுக்கன்னீங்க. வச்சுப் பார்த்தேன். தவுலோட தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் இடிக்கிறது குறையவே இல்லை, நாயனத்தோட மேல் சுரம்தான் மங்கிப் போச்சு. காதை அடைச்சா மண்டைக்குள்ள இருக்கிற கரகரப்பு இன்னும் பெரிசாவும் ஆயிடுது. நாயனத்தோட அடிவாய் அணசுக்குள்ள மைக்கைத் திணிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? நாதம் அணசு வழியா மட்டும் வரலை, திறந்திருக்கிற துளை வழியாவும் வருது. மேல் சுரத்துக்கு அதுதான் வாசலே. மைக்கை ஒரு முழம் தள்ளி வச்சு, மானிட்டரைப் பாதியாக் குறைச்சு, டிரம்ஸைத் தள்ளி உட்கார வச்சா வாசிக்கலாம். "பார்ட்டிக்காரங்க பீல் கேட்கிறாங்க"ன்னீங்க. அன்னைக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கிட்ட ஆச்சி என்ன சொன்னாங்க? "தம்பி, காலைல கேட்டுச்சு. இப்ப நெஞ்சுல இடிக்கிதேயொழிய காதுக்கு ஒண்ணும் வரலை"ன்னாங்க. காசு கொடுத்தவங்க அவங்கதானே.

நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரி நாயனத்தை விட்டுட்டுப் பாரி நாயனத்துக்கு மாறலையான்னு கேட்பீங்க. மாறினார். நாயனம் நீண்டுச்சு, சுருதி இறங்குச்சு, ராகத்துக்கு இடம் கிடைச்சுச்சு. அந்த மாத்தத்துக்கு அப்புறம் கேட்கிறதுக்கு நிறைய இருந்துச்சு. நம்ம மாத்தத்துல என்னண்ணே இருக்கு?

கோபத்துல எழுதிட்டேன்னு தோணுது. உங்களை விட்டுட்டுப் போறதுக்கு மன்னிப்புக் கேட்கணும்னா கேட்டுக்கிறேன். பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன், மேடைக்காரன் கொடுக்கிற காசு, எல்லாம் எனக்கும் தெரியும். முகூர்த்தத்துக்குக் கொடுக்கிறதை வச்சு அஞ்சு பேர் செட்டு நடத்த முடியாது. உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டான்னா, பாதி உண்டு.

வைகாசித் தேதிக்கெல்லாம் வேற ஆள் பார்த்துக்கங்க. திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பையன் நல்லா வாசிக்கிறான், நம்பரை அண்ணிகிட்டக் கொடுத்திருக்கேன். அவனை மானிட்டர் பக்கம் உட்கார வைக்காதீங்க. அப்புறம், சுருதிப் பெட்டி உங்ககிட்ட இருக்கு. அது என்னுது. குன்றக்குடிக்கு வர்றப்ப எடுத்துட்டு வாங்க.

தம்பி