நிறம் போனால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காகித ஆலைக் கழிவுநீர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஃபென்டன் என்ற ரசாயன முறையில் கறுப்புத் தண்ணீர் பளிச்சென்று தெளிந்து 'பயிருக்குத் தயாராகிவிடுகிறது' என்கிறார் நிருபர். கூடவே கண்ணாடிக் குவளையோடு வண்ணப்படம் வேறு. பேஷ்!

நான் ஓர் ஆலையின் சுத்திகரிப்புப் பிரிவில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். மரத்திலிருந்து வரும் லிக்னின் என்ற பொருளின் நிறம் பாக்டீரியா தொட்டிக்கு எளிதில் மசியாது, அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும் ஃபென்டன் வினையில் உடையும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வினை நல்ல அமிலத்தன்மையில், அதாவது பிஎச் 3-ஐ ஒட்டித்தான் சரியாக நடக்கும். கந்தக அமிலம் ஊற்றி இறக்க வேண்டும், அப்புறம் காஸ்டிக்கோ சுண்ணாம்போ போட்டு ஏற்ற வேண்டும். போட்டதெல்லாம் எங்கே போகும்? பெரும்பகுதி உப்பாகத் தண்ணீரிலேயே நிற்கும். நிறம் இறங்கும், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) ஏறும். அடியில் தங்கும் துருநிறச் சேறு எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகக் கிடந்து மழையில் கரைந்து ஓடியது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி உண்டா?

பெராக்சைடு பட்டு விரல் நுனி வெள்ளை வெளேரென்று வெளுத்து எரியும். கையுறை கேட்டால் "ஸ்டோரில் இல்லை" என்பார்கள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் மருந்து தாராளமாக விழும். மற்ற ராத்திரிகளில் மருந்து ஊற்றும் டோசிங் பம்புக்கு ஓய்வு. உங்கள் நிருபர் போனது எந்த நாளில் என்று கேட்க மாட்டேன், கேட்டால் மரியாதையாக இருக்காது.

அந்தத் 'தயாரான' தண்ணீர் போகும் ஓடைக்கரையில்தான் என் மாமனாரின் தோட்டம். மஞ்சள் விளைந்த மண். இன்று வரப்பில் உப்புப் பூத்திருக்கிறது, தென்னை ஓலை நுனி கருகி நிற்கிறது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று மாமியார் சொல்லாத நாளில்லை. இதையெல்லாம் முன்பே தங்களுக்கு எழுதினேன். ராசிபலனுக்கு முழுப்பக்கம் ஒதுக்கும் இதழில் அதற்கு இடமில்லை போலும்.

தமிழ்நாட்டில் பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. படத்தில் இருக்கும் குவளைத் தண்ணீரில் அது எவ்வளவு என்று அடுத்த இதழில் போடுங்கள். அளக்கவே இல்லை என்றால் அதையாவது போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்காவிட்டாலும் பரவாயில்லை, முந்தைய கடிதத்தோடு வைத்த மண் பரிசோதனை அறிக்கையைத் திருப்பி அனுப்பினால் போதும். என்னிடம் வேறு நகல் இல்லை. தபால்தலை ஒட்டிய உறை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, கரூர் மாவட்டம்