வீடு பார்க்கும் படலம்

வெஸ்ட்மீட், சிட்னி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். நீங்களும் நலம்தானே. போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெயிலில் அனுப்புகிறேன், தம்பியிடம் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

"சித்தி பையன் மார்ஸ்டன் பார்க்கில் அஞ்சு ரூம் வச்ச மாடி வீடு வாங்கிட்டான். கிட்டத்தட்ட அதே பணத்துக்கு நீங்க ஏன் அம்பது வருஷப் பழைய வீட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அவன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்தச் சமையலறையைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சிட்னிக்குக் கிழக்கே கடல், மேற்கே மலை. பெரிய ஆபீஸ்கள் பெரும்பாலும் கடலோரத்துச் சிட்டியில். அங்கிருந்து மேற்கே தள்ளிப் போகப் போக நிலம் மலிவாகும், வெயில் கூடும். நாங்கள் இருக்கும் வெஸ்ட்மீட் ஏறக்குறைய நடுவில். இங்கிருந்து ரயிலில் மேற்கே போனால் அடுத்தடுத்து வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி. நாங்கள் வீடு தேடுவது இந்த மூன்று ஸ்டேஷன்களைச் சுற்றித்தான். 1960, 70களில் கட்டிய தரை வீடுகள், 550, 600 சதுர மீட்டர் மனை, பின்னால் துணி காயப்போட ஒரு கம்பிக் குடை, ஒரு எலுமிச்சை மரம். இன்னும் வடமேற்கே தள்ளிப் போனால் ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில். எல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் எழுந்த புது ஏரியாக்கள். மனை 300 சதுர மீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு. வீடு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், மனை முழுக்க வீடே நிற்பதுதான்.

சித்தி பையன் வீட்டுக்கு ஜனவரியில் ஒரு மத்தியானம் போயிருந்தோம். வீடு பளபளவென்று இருக்கிறது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் காரை விட்டு இறங்கியதும் முகத்தில் அனல் அடித்தது. தெரு முழுக்கக் கறுப்புக் கூரைகள், தார் ரோடு, இடுப்பு உயரத்துக்கு மேல் வளராத மரக்கன்றுகள். பக்கத்து வீட்டுக் கூரை விளிம்பை அவன் மாடி ஜன்னலிலிருந்து கை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருந்தது. மேற்கு சிட்னிக்குக் கடற்காற்று அவ்வளவாக வந்து சேராது. சில நாட்களில் கடலோரத்துக்கும் இங்கேயும் பத்து டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். 2020 ஜனவரி 4ஆம் தேதி சிட்னியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. டூங்காபியும் குளிர்ச்சியான இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய தெருக்களில் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. நிழலில் நடந்து கடைக்குப் போய் வரலாம்.

நடந்து என்று சொன்னேன் அல்லவா, என் முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் பரமட்டா பார்க்குக்கு நடை. செவ்வாய், வெள்ளியில் அம்மாவும் நீங்களும் மேஸ் ஹில் முருகன் கோயில். மத்தியானம் லைப்ரரி. நாங்கள் ஆபீஸ் போன பிறகு நீங்கள் எங்களை எதற்கும் எதிர்பார்க்கவில்லை. ஆறாம் நாளே பார்க்கில் ஒரு சினேகிதரைப் பிடித்து அரசியல் பேசிக்கொண்டிருந்தீர்கள்! சித்தி இப்போது மூன்று மாதமாக மார்ஸ்டன் பார்க்கில் இருக்கிறார். மகனும் மருமகளும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டியபின்தான் வருகிறார்கள். அங்கே ரயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்து ஸ்கோஃபீல்ட்ஸ் வரவேண்டும், அல்லது கார் வேண்டும். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சித்தி சொன்னார்: "வீடு அரண்மனைதாண்டி. ஆனா ஜன்னல்ல நாள் பூரா நின்னாலும் ஒரு ஆள் நடந்து போறதைப் பார்க்க முடியல." இதை நீங்கள் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஆளுக்கொரு கார் வைத்திருப்பவர்கள் என்றால் அந்தப் புது ஏரியாதான் புத்திசாலித்தனம், அதையும் சொல்லிவிடுகிறேன். புதுச் சுவர், புது ஒயரிங், பத்து வருஷத்துக்கு ரிப்பேர் தொல்லை குறைவு. மனையைத் தனியாக வாங்கி அப்புறம் வீடு கட்ட ஒப்பந்தம் போட்டால் ஸ்டாம்ப் டியூட்டி மனை விலைக்கு மட்டும்தான். எங்கள் பக்கம் அந்த லாபம் இல்லை. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு எட்டு லட்சம் டாலர் வரை ஸ்டாம்ப் டியூட்டியே கிடையாது, பத்து லட்சம் வரை சலுகை உண்டு என்று இந்த மாநிலத்தில் விதி. டூங்காபி பக்கம் பத்து லட்சத்துக்குள் தனி வீடு கிடைப்பது அரிது. ஆக, 13 லட்சம் டாலர் வீடு என்றால் ஸ்டாம்ப் டியூட்டி மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். உங்கள் மாப்பிள்ளை அந்த எண்ணைப் பார்த்த நாளில் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படியானால் அடுக்குமாடி வாங்கலாமே என்று அம்மா கேட்பார். மெட்ரோ ஓரத்தில் நிறைய இருக்கின்றன. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் அந்த மெட்ரோ 2019இல் டாலவாங்கிலிருந்து சாட்ஸ்வுட் வரை வந்தது, 2024இல் சிட்டி வழியாக சிடன்ஹம் வரை நீண்டது. காலை நெரிசல் நேரத்தில் நாலு நிமிஷத்துக்கு ஒரு ரயில். போக்குவரத்து மட்டும் பார்த்தால் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒலிம்பிக் பார்க்கில் ஓபல் டவர் என்ற புத்தம்புதுக் கட்டடத்தில் விரிசல் விட்டு எல்லோரையும் வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு இங்கே பலருக்குப் புது அடுக்குமாடி என்றாலே ஒரு தயக்கம். எனக்கும்தான்.

பள்ளிக்கூட விஷயத்தில் இங்கே நடப்பது வேடிக்கை. அரசு ஆரம்பப் பள்ளியில் இடம், வீட்டு முகவரியை வைத்துத்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு எல்லை, அந்த எல்லைக்குள் இருந்தால் இடம் உறுதி. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்று இருக்கும். வீட்டு விளம்பரத்தில் "பள்ளிக்கு அருகில்" என்றுதான் போடுவார்கள், எல்லைக்குள் இருக்கிறதா என்று சொல்ல மாட்டார்கள். அதனால் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் கல்வித் துறையின் இணையதளத்தில் அந்தக் கதவு எண்ணை அடித்துப் பார்த்துவிடுவேன். இன்னொன்று, கிர்ராவீன் உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வேண்டும் என்று நம்மவர்கள் கூடுதல் விலை கொடுப்பதைக் கேள்விப்படுகிறேன். அது நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் பள்ளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பத்து ஸ்டேஷன் தள்ளி இருக்கிற பிள்ளைக்கும் ஒரே வழிதான். ஆறாம் வகுப்பில் தேர்வு எழுதித் தேற வேண்டும். உங்கள் பேத்திக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் ஆரம்பப் பள்ளி இருந்தால் இப்போதைக்குப் போதும்.

வாசல் எந்தத் திசை என்று நீங்கள் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. அதனால் கூடமும் பின்கட்டும் வடக்கைப் பார்த்திருந்தால் குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரும், அந்த வீட்டுக்கு விலையும் கூடுதல். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் கோடையில் அந்த அறையில் உட்கார முடியாது. நாங்கள் இப்போது மனதில் வைத்திருக்கும் வீட்டுக்கு வாசல் தெற்கே, பின்கட்டு வடக்கே. தெற்கு வாசலா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. வெயிலுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு அப்பா.

பழைய வீட்டில் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் ஃபைப்ரோ பலகை, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் அட்டை. இந்த நாட்டில் 2003 கடைசியில்தான் அதை முழுவதுமாகத் தடை செய்தார்கள். சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை, ஆணி அடித்தாலோ உடைத்தாலோதான் வம்பு. அப்புறம் கரையான். பரிசோதகர் ஒருவரை அழைத்துப் போனோம். மனிதர் தரைக்கடியில் படுத்து ஊர்ந்து போய், டார்ச்சும் ஈரம் அளக்கும் கருவியும் வைத்து ஒவ்வொரு மரக்கட்டையாகத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் மண், முடியில் சிலந்தி வலை. குளியலறைச் சுவரில் ஈரக் கசிவு, பழைய கரையான் தடம் ஒன்று, உயிரோடு இருக்கும் கரையான் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சுவர் செங்கல், ஃபைப்ரோ துணி துவைக்கும் அறையில் மட்டும்தான்.

வெள்ளத்தையும் பார்த்தோம். 2021, 2022இல் ஹாக்ஸ்பரி ஆறு பெருகி விண்ட்சர் பக்கமெல்லாம் மூழ்கியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கம் அவ்வளவு மோசமில்லை என்றாலும் டூங்காபியில் ஒரு ஓடை இருக்கிறது, பெருமழையில் கரை தாண்டும். விற்பவர் தரும் ஒப்பந்தத்தோடு கவுன்சிலின், அதாவது உள்ளூர் நகராட்சியின், 10.7 சான்றிதழ் ஒன்று இணைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளக் கட்டுப்பாடு, காட்டுத்தீ அபாயம், அந்த மனையில் என்ன கட்டலாம் என்ற மண்டல விவரம் எல்லாம் அதில் வந்துவிடும். ஓடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அழகான வீட்டை இந்தத் தாளைப் பார்த்துத்தான் விட்டோம். வீட்டை விடச் சொன்னது அந்தத் தாள் மட்டுமில்லை. காப்பீட்டு நிறுவனம் கேட்ட தொகையும்தான்.

ஏலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. இங்கே நல்ல வீடு பெரும்பாலும் சனிக்கிழமை ஏலத்தில்தான் போகும். வீட்டு முன்புல்வெளியிலேயே நடக்கும். அடையாள அட்டை காட்டிப் பதிந்தால் கையில் ஒரு எண் அட்டை தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்குவதற்காக இல்லை, வேடிக்கை பார்க்க காபி கப்போடு வந்து நிற்பார்கள். நடத்துபவர் "ஒரு தரம், ரெண்டு தரம்" பாணியில் குரலை ஏற்றி இறக்குவார். நாங்கள் பெண்டில் ஹில்லில் ஒரு வீட்டுக்கு அட்டையைத் தூக்கினோம். எங்கள் உச்சவரம்பு தாண்டியதும் உங்கள் மாப்பிள்ளை அட்டையை என் கைப்பையில் திணித்துவிட்டு, என்னைத் தெருமுனை வரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல வேலை செய்தார். ஏலத்தில் எடுத்துவிட்டால் அன்றே கையெழுத்து, பெரும்பாலும் 10 சதவீத முன்பணம், மனம் மாற அவகாசம் கிடையாது. பேசி வாங்கினால் ஐந்து வேலை நாள் அவகாசம் உண்டு. அப்போதும் பின்வாங்கினால் விலையில் 0.25 சதவீதம் போய்விடும்.

இப்போது பார்த்து வைத்திருப்பது டூங்காபி ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில். மூன்று படுக்கையறை, ஒரே குளியலறை, சமையலறை எங்கள் வயசு. மனை 580 சதுர மீட்டர். இந்த மாநிலத்தில் 450 சதுர மீட்டருக்கு மேல் மனை இருந்து மற்ற விதிகளும் ஒத்துவந்தால், பின்னால் 60 சதுர மீட்டர் வரை தனியாக ஒரு சிறு வீடு கட்ட அனுமதி சுலபமாகக் கிடைக்கும். கிரானி ஃப்ளாட் என்பார்கள். உடனே கட்டப் பணமில்லை. ஆனால் நாளைக்கு நீங்கள் வந்து நீண்ட நாள் தங்கினால் உங்களுக்கென்று தனிக் கதவு, தனி அடுப்பு இருக்கும். 300 சதுர மீட்டர் மனையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே ஒரு விஷயம். வீடு தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்கிறது. முன்வாசலில் ஆறு படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். பின்பக்கம் மூன்று படி. அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது, டாக்டர் படி ஏறலாம் என்கிறாரா என்று உண்மையாக எழுதுங்கள். "அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்" என்று அம்மா சொல்வதை அப்படியே எழுதி அனுப்பாதீர்கள். படி ஒத்துவராது என்றால் பின்பக்கம் சரிவுப் பாதை போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, அதையும் உச்சவரம்பில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஏலம் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு. அங்கே அப்போது விடியற்காலை 5.30. முடிந்ததும் கூப்பிடுகிறேன், வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

அன்புடன்,
உங்கள் மகள்