கூரைக்குள் இரண்டு ஓடு: ஊரக வளர்ச்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சிவகங்கைப் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுக்கும் டிப்ளமோ சிவில்காரன். ரசமட்டமும் தூக்குக்குண்டும் எப்போதும் வண்டிப் பெட்டியில் கிடக்கும். மடல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் கட்டிக் கொடுக்கும் வீடுகளின் கூரையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2009-இல் படிப்பு முடித்த கையோடு நான் செய்த முதல் வேலை, தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்ததுதான். ஊர் முழுக்கக் காரை வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம். மழைக்கு ஒழுகுகிறது, தேள் விழுகிறது என்று அம்மாவுக்கும் சலிப்பு. படம் நானே போட்டேன், கம்பி நானே கணக்குப் பார்த்தேன். ஐந்து அங்குலத்தில் தளம் போட்டு, கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்டோம். அடுத்த சித்திரையில் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். ராத்திரி எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. ஸ்டூலில் ஏறி உட்கூரையில் கையை வைத்தால், இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டை அள்ளி எங்கள் மேலேயே கொட்டியது. அம்மா சாயங்காலமானால் மொட்டை மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவார். குடிக்கவே தண்ணீர் இல்லாத மாதம் அது.

நடந்தது இதுதான். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. வெளியில் காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில், வாங்கியதைக் கீழே இருப்பவர் மேல் இறக்குகிறது. மேல்மாடி இல்லாத ஒற்றைத் தள வீட்டில் சூடு வரும் பெரிய வழி கூரைதான். சுவரை எவ்வளவு தடிமனாக எழுப்பினாலும் கூரையைக் கவனிக்காவிட்டால் பலனில்லை. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்தது, பரீட்சையிலும் எழுதினேன். வீடு கட்டும்போது மட்டும் மறந்துவிட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2024-25 பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன கணக்கு: 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடுகள், முதல் ஆண்டில் 1 லட்சம், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. நோக்கத்தில் எனக்குக் குறையே இல்லை. கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து எரிவதைப் பார்த்தவன் நான். பள்ளிக்கூடச் சான்றிதழ் முதல் பெட்டியில் இருந்த ஒரே பட்டுப் புடவை வரை, கால் மணி நேரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. குடிசையிலிருந்து வருகிறவருக்குக் கான்கிரீட் கூரை என்பது பயமில்லாத தூக்கம்.

அதனால் மண் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. வார இறுதியில் தங்குவதற்கு மண்சுவர் விடுதி தேடிப் போகிறவர்கள், மண்சுவரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் அருமையைப் பாடம் எடுப்பது எனக்கு எரிச்சலான விஷயம். செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி ‘அந்தக் காலத்து இயற்கைக் கட்டடம்’ என்று பேசுவதும் பாதிதான் உண்மை. முற்றமும் சுண்ணாம்புப் பூச்சும் குளிர்ச்சி தருபவை, சரி. அந்தத் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை அல்லவா?

நான் கேட்பது ரொம்பச் சின்ன மாற்றம். அதே கான்கிரீட் கூரைக்குள் ஓடுகளை வைத்து வார்ப்பது. ஃபில்லர் ஸ்லாப் என்பார்கள். உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தளத்தின் மேல்பாதி அமுக்கத்தைத் தாங்குகிறது, கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதைத் தவிர அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் கான்கிரீட்டை எடுத்துவிட்டு, கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை வைக்கலாம். ஒன்றை மல்லாத்தி அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்தால் நடுவில் கொஞ்சம் காற்று அடைபடும். வெயிலுக்கும் நமக்கும் நடுவில் அந்தக் காற்று ஒரு திரை.

சென்ட்ரிங் பலகை மேல் ஓட்டை அடுக்குவதற்கு முன்னால் நன்றாகத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சுவர் மேல் உட்காரும் ஓரங்களில் ஓடு கூடாது, அங்கே முழுக் கான்கிரீட்தான். வார்க்கும்போது ஓட்டின் மேல் யாரும் மிதிக்காமல் குறுக்கே ஒரு பலகை போட்டுவிட்டால் போதும். எங்கள் கொத்தனாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது. “ஓட்டு வீட்டை இடிச்சிட்டு அந்த ஓட்டைக் கொண்டுவந்து காரைக்குள்ள புதைக்கிறதா?” என்று சிரித்தார். முட்டுப் பிரித்த அன்று, கீழேயிருந்து வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு தெரிந்ததும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். உட்கூரைக்குப் பூச்சும் தேவைப்படவில்லை, பெயிண்டும் தேவைப்படவில்லை.

அது 2016-இல் வீட்டோடு ஒட்டி நான் போட்ட ஆபீஸ் ரூம். இப்போது அங்கே என் மேஜை இல்லை, அம்மாவின் கட்டில்தான் கிடக்கிறது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். 300 சதுர அடியை ஐந்து அங்குலத்துக்கு வார்த்தால் 125 கன அடி கான்கிரீட், கிட்டத்தட்ட மூன்றரை கன மீட்டர். நாங்கள் வழக்கமாகப் போடும் கலவையில் இதற்கு இருபத்தெட்டு மூட்டை சிமெண்ட் போகும். ஓடு வைப்பதால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானாலே வீட்டுக்கு ஐந்து மூட்டை. எட்டு லட்சம் வீட்டுக்கு 40 லட்சம் மூட்டை, அதாவது 2 லட்சம் டன். சிமெண்ட் என்பது சுட்ட சுண்ணாம்புக்கல். சுடுவதற்கு எரிக்கும் நிலக்கரியின் புகை ஒரு பக்கம், சூட்டில் கல்லுக்குள்ளிருந்தே வெளியேறும் கரியமில வாயு இன்னொரு பக்கம். அரியலூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், நம் கூரைகள் எவ்வளவு பெரிய பள்ளங்களிலிருந்து வந்தவை என்று.

இது சோதித்துப் பார்க்காத புது வித்தையும் இல்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்து காட்டியதுதான். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகன் ஆனவர் அவர். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களை 1970-களில் கட்டியவர். அவர் பரப்பிய இன்னொன்று எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் நடுவில் பொந்து இருக்கும். செங்கல் கால்வாசி மிச்சமாகும், சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். ஒரு சிக்கல் உண்டு. எல்லாச் செங்கலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுச் சூளைக் கல்லில் இதைச் செய்தால் கொத்தனார் கரண்டியை வீசிவிட்டுப் போய்விடுவார். ஒரே அளவில் வரும் சேம்பர் சூளைக் கல் கிடைக்கும் ஊர்களில் மட்டும் பேசலாம். ஆரோவில் பக்கம் சுடாத அழுத்த மண்கல் இருக்கிறது. ஐந்து சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி, ஈரம் காயாமல் சில வாரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். எந்த மண்ணுக்கு எது என்று மாவட்ட அளவில் முடிவு செய்துகொள்ளலாம். கூரை மட்டும் எல்லா ஊருக்கும் பொது. அதனால்தான் கூரையைப் பிடித்துத் தொங்குகிறேன்.

‘பசுமை’ என்ற சொல்லும் உங்களுக்குப் புதிதல்ல. 2011-இல் வந்த சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் நினைவிருக்கும்: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய மின்சாரத்தில் எரியும் ஐந்து விளக்குகள். நல்ல திட்டம்தான். ஆனால் பசுமை என்பது விளக்கோடு நின்றுவிட்டது. கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை, அந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அனுபவிக்க வேண்டியிருந்தது.

நகரத்துக்கு என்றால் புதிய தொழில்நுட்பத்துக்கு இடமிருக்கிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்த்து, 1,152 வீடுகளை அடுக்கி எழுப்பி 2022-இல் திறந்தார்கள். கிராமத்துக்கு அந்த அளவு இயந்திரம் எதுவும் வேண்டாம். எம்-புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதிப் பில் போடும் அளவுப் புத்தகத்தில், ஒரு வரி வேண்டும். என் உண்மையான கோரிக்கை இதுதான். ஓவர்சியரால் எம்-புக்கில் ஏற்ற முடியாத எதையும் எந்தக் கொத்தனாரும் கட்ட மாட்டார். பில் நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. வீட்டுக்காரருக்கும் அதே பயம், தவணை நின்றுவிடுமோ என்று. ஓடு வைத்த கூரைக்கு மாதிரி வரைபடமும், விலைப்பட்டியலில் தனி விலையும் நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

மீதிப் பாதி மரியாதை சம்பந்தப்பட்டது. ஒரு வீட்டில் இதை எடுத்துச் சொன்னபோது அந்த அம்மா கேட்டார்: “எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் தம்பி பழைய ஓடு? கலெக்டர் ஆபீஸ்ல அப்பிடியா கட்டிருக்கு?” என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் கேள்வி நியாயமானது. ஏழைக்கு மட்டும் ஒரு தொழில்நுட்பம் என்றால் அது மட்டமான தொழில்நுட்பம் என்றுதான் ஊர் நினைக்கும். அதனால் முதலில் உங்கள் கட்டடத்தில் தொடங்குங்கள். அடுத்து வரும் அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், முடிந்தால் ஒன்றிய அலுவலகம். பி.டி.ஓ. நாற்காலிக்கு மேலே சிவப்பு ஓடு தெரியட்டும், அப்புறம் நாங்கள் யாருக்கும் விளக்கிச் சொல்லவே வேண்டியிருக்காது.

உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதிலும் கொஞ்சம் பேச்சு இருக்கிறது. 360 சதுர அடியில் பீரோ, கட்டில், மிதிவண்டி, அரிசி மூட்டை எல்லாம் வந்தால் மனிதர் நிற்க இடமில்லை. பழைய வீட்டில் விளக்குக்கு மாடக்குழி இருந்தது, சாமானுக்குப் பரண் இருந்தது, உட்காரத் திண்ணை இருந்தது. ஒன்றும் கடையில் வாங்கியதில்லை, எல்லாம் சுவரோடு பிறந்தவை. மாதிரி வரைபடத்திலேயே இரண்டு மாடக்குழி, ஒரு பரண், கிழக்கே ஒரு சின்னத் திண்ணை, எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் என்று போட்டுவிடுங்கள். தரைக்கு ரெட் ஆக்சைடு போதும். கடன் வாங்கி வழுக்கும் டைல்ஸ் போடுவதைவிட அது காலுக்கும் குளிர்ச்சி, பைக்கும் நல்லது. ஆனால் தேங்காய் எண்ணெய் விட்டு அதை இழைக்கத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெரியவர், அவருக்கும் முழங்கால் வலி. மாவட்டத்துக்கு ஒரு பயிற்சிக் கூடம் வைத்து, அவர் மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, பத்துப் பத்துக் கொத்தனாராகக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். கேரளத்தின் கொல்லத்தில் 1980-களில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் என்ற கட்டட மையம் அப்படித்தான் ஆட்களை உருவாக்கியது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்தது நம் அரசுதான். பேரிடர் வரும்போது உதவித்தொகை கொடுக்கிற கையும் வீடு கட்டிக் கொடுக்கிற கையும் ஒன்றுதான் என்பதால், இந்த மடலை வேறு யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

கம்பி இடைவெளியும் ஓட்டு அடுக்கும் போட்ட வரைபடம் மூன்று தாளில் தயாராக இருக்கிறது. உங்கள் பொறியாளர்கள் திருத்தட்டும், தப்பென்றால் கிழித்துப் போடட்டும். இன்னொன்று, 2009-இல் நான் இடித்த வீட்டின் ஓடுகளை அம்மா விற்க விடவில்லை. ஆபீஸ் ரூமுக்குப் போக மிச்சம் கொல்லையில் தென்னைக்குப் பக்கத்தில் அடுக்கி இருக்கிறது. ஒன்றிரண்டு உடைந்திருக்கும், பாசியும் பிடித்திருக்கும், தேய்த்துக் கழுவினால் போய்விடும். எங்கள் ஒன்றியத்தில் நீங்கள் கட்டும் முதல் அங்கன்வாடிக்கு அவற்றைத் தந்துவிடுகிறேன். டிராக்டர் வாடகை மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு சிவில்காரன்