நீச்சல்குள மின்சாதனங்களுக்கான எர்த் இணைப்பு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வீட்டு நீச்சல்குளத்தின் பம்பு, விளக்கு, நீர் சூடாக்கி ஆகியவற்றின் எர்த் இணைப்பு குறித்துத் தொடர்ந்து கேள்விகள் வருவதால் இந்த அறிவிப்பு.

பம்பின் அருகே ஒரு எர்த் கம்பியை மண்ணில் அடித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. மோட்டாரின் உள்ளே மின்கம்பி பழுதாகி உறையைத் தொட்டுவிட்டது, அந்த மண்வழியின் மின்தடை 25 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் பாயும் என்பதால், 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, மோட்டாரின் உலோக உறையில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே மோட்டாரின் எர்த் முனையிலிருந்து மின்பலகையின் எர்த் பட்டை வரை செப்புக் கம்பி ஒன்று இடைமுறிவின்றிச் செல்ல வேண்டும். அத்துடன் சிறிய மின்கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் தேவை.

இதைவிட அதிகம் புறக்கணிக்கப்படுவது சமமின்னழுத்தப் பிணைப்பு. உலோக ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டின் உட்கம்பிகள், பம்பின் உறை ஆகிய அனைத்தையும் செப்புக் கம்பியால் ஒன்றாக இணைப்பதன் நோக்கம், நனைந்த உடலோடு ஒருவர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய இரு பொருள்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு எழாமல் தடுப்பதே. குழாய்கள் பி.வி.சி. தானே என்று சிலர் வாதிடுவதுண்டு. அவற்றுக்குள் இருப்பது மின்சாரத்தைக் கடத்தும் தண்ணீர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீருக்குள் அமையும் விளக்குகள் 12 வோல்ட்டுக்கு மிகாமல், குளத்திலிருந்து விலகி வைத்த பாதுகாப்பு டிரான்ஸ்பார்மர் வழியாகவே இயங்கட்டும். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைத்து, எர்த் தொடர்ச்சிச் சோதனையின் (எர்த் கம்பி இடைமுறிவின்றி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) அளவீட்டை எழுத்தில் கேட்டு வாங்கவும்.

குழு நிர்வாகம்