சித்திரையில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதாதீர்கள்

ஏற்காட்டு மலைமேல் நடக்கும் வேலைகளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊற்றுப் பள்ளத்தில் மண்ணடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. நாங்கள் மனு கொடுத்தோம், நீங்கள் பதிலும் அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பதிலில் இருந்த ஒரு வரிதான் என்னை எழுத வைக்கிறது: "நேரில் பார்வையிட்டதில் காய்ந்த புல் தவிர வேறு தாவரம் ஏதும் காணப்படவில்லை."

பார்வையிட்டது சித்திரை மாதம்.

அங்கே இருந்தவை ஹாபெனேரியா இனத்துத் தரை ஆர்க்கிட்கள். கோடையில் இலை, தண்டு எல்லாம் கருகிப்போய், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு கிடக்கும். மழை இறங்கினால் துளிர்க்கும். ஆவணி, புரட்டாசியில் வெள்ளையாகப் பூக்கும். பூவின் கீழிதழ் மூன்றாகப் பிளந்திருக்கும், பின்னால் மெல்லிய குழல் ஒன்று தொங்கும். தேன் அந்தக் குழலின் நுனியில்தான். இருட்டிய பிறகு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி தேடி வந்து குடிக்கும். சீசன் முடிவதற்குள் பழைய கிழங்கு வற்றிப்போய், ஒட்டினாற்போல் புதுக்கிழங்கு திரண்டிருக்கும். மறு வருஷச் செடி அதுதான். உங்கள் ஆய்வாளர் அன்று நின்றிருந்தது அதன் தலைமேல். உள்ளே ஆள் தூங்கும் வீட்டை "காலி" என்று எழுதி இடித்துவிட்டீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஈரப்புல்வெளியில் எந்த வேலைக்கும் கையெழுத்துப் போடுமுன், ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில், செடி தெரிந்த ஒருவரோடு வந்து பாருங்கள்.

"தோண்டி வேறு இடத்தில் நடலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். செடியைப் பெயர்க்கலாம், அந்த மண்ணையும் ஊற்றையும் எப்படிப் பெயர்ப்பது? பக்கத்துப் பள்ளத்தில் மண்கூடக் கொட்டவில்லை. ஓரமாக ஜேசிபி விட்டு ஒரு வாய்க்கால் இழுத்தார்கள், அவ்வளவுதான். கசிவுநீர் வடிந்துபோய், இப்போது அங்கே உண்ணிச்செடி ஏறிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் தேசிய ஆர்க்கிட் பூங்காவை அமைத்தது இதே ஏற்காட்டில்தான். தொட்டியில் வளர்ப்பதும் வேண்டியதே. ஆனால் தொட்டியைக் காட்டி மலையில் இருப்பதைக் கணக்கில் கழித்துவிடுவது என்ன நியாயம்? கோடை விழா வந்தால் கொய்மலர்களை லாரியில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கொண்டுவந்து யானையும் மயிலுமாக நிறுத்துகிறோம், கூட்டம் செல்ஃபி எடுக்கிறது. தானாகப் பூப்பதற்குத்தான் இங்கே இடமில்லை. இந்த மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் என்ன கதியில் ஓடுகிறது என்று பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும். மேலே ஊற்றை மூடுவோம், கீழே ஆற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவோம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது.

வேலி போடச் சொல்லவில்லை. மாடு அளவாக மேய்ந்தால் புதர் ஏறாது, அது நல்லதுதான். மேய்க்கிறவர்களை விரட்ட இந்த மடலைச் சாக்காக்கிவிடாதீர்கள். வாய்க்கால் வெட்டாமல், மண் கொட்டாமல், விதை முற்றும் வரை புல் அறுக்காமல் இருந்தால் போதும்.

கோயில் பக்கத்துப் பள்ளத்துக்கான கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை ஐப்பசி வரை நிறுத்தி வையுங்கள். மழைக்காலத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வருவதாக ஒரு வார்த்தை சொன்னால் இடம் காட்ட நாங்கள் இருக்கிறோம். நல்ல செருப்பு வேண்டாம், கணுக்கால் வரை சேறு இருக்கும்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் குடியிருக்கும் ஒருவன்